நத்தையோட வெள்ளிக்கிழமை

ஆமாம்மா, நத்தைதான். நத்தையோட அம்மா நான். அவன் நிஜப் பேரைச் சொல்லட்டுமா? வேணாமா? சரி சரி, சொல்லலை. உங்க ஆராய்ச்சியில பேரு தெரியக்கூடாது, முகம் தெரியக்கூடாது, அவனவன் வச்சுக்கிட்ட பட்டப்பேரு மட்டும்தான். போன்லயே சொன்னீங்களே. நானும் யார்கிட்டயும் மூச்சு விடலை. கீழே வாட்ச்மேன் யாரைப் பார்க்கணும்னு கேட்டாரு. நத்தை விஷயமா வந்திருக்கேன்னா சொல்ல முடியும்? ஆராய்ச்சி பண்ற பொண்ணைப் பார்க்கணும்னேன். இங்க எல்லாருமே ஆராய்ச்சிதான், எந்தப் பொண்ணுன்னாரு. காலேஜ் பசங்க தூங்கினாங்களா, சாப்பிட்டாங்களான்னு வாராவாரம் கேக்குமே, அந்தப் பொண்ணுன்னேன். அடக் கடவுளே, இதுக்கெல்லாம்கூட ஆராய்ச்சியான்னு சிரிச்சுக்கிட்டே மாடியைக் காட்டினாரு.

அவன் வரலைம்மா. வர முடியலை. அதான் நான் கிளம்பி வந்தேன். நீங்க கூப்பிட்டப்போ வீட்டுக்கு வந்திருக்கான், குளிச்சுக்கிட்டிருக்கான்னு சொன்னேன்ல, அப்பவே நினைச்சேன், இதுக்கு நான்தான் போயாகணும்னு. முதல்லயே ஒண்ணு கேட்டுடறேன். இந்தத் தடவை நேர்ல வந்து பேசாதவங்களை ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடுவோம், வெள்ளிக்கிழமை மெசேஜ் அதோட நின்னுடும்னு சொன்னீங்களே. அதைக் கேட்டதுலேர்ந்து எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அவனுக்குப் பதிலா நான் வந்திருக்கேன். என்னைக் கேளுங்க. என்ன வேணாலும் சொல்றேன். அந்த மெசேஜை மட்டும் நிறுத்திடாதீங்க. அதுக்குத்தான் ஆபீஸ்ல லீவு சொல்லிட்டு ஓடி வந்தேன்.

இந்த நாற்காலியிலயா? சரி. சின்ன ரூமா இருந்தாலும் வெளிச்சமா இருக்கு. கீழே சைக்கிள் ஸ்டாண்டு தெரியுது. பசங்களை இங்கதான் உக்கார வச்சுக் கேப்பீங்களா? அது என்ன, மூக்கு துடைக்கிற பேப்பரா? ஓஹோ. வர்ற பசங்க அழுவாங்கன்னு முன்னாடியே வாங்கி வச்சாச்சு. பாதி டப்பா காலியா இருக்கே. பாவம்.

மெஷின் ஓடுதா? சிவப்பா மினுக்குதே. பரவாயில்லை, ஓடட்டும், எனக்கு இது பழக்கம்தான். நான் குடிநீர் ஆபீஸ்ல புகார் போன் எடுக்கிறவ. எங்களுதும் பதிவாகும். காலையில போய் காதுல மாட்டினா சாயங்காலம் வரைக்கும் திட்டு வாங்கறதுதான் வேலை. தண்ணி வரலைன்னு ஒருத்தர் கத்துவாரு, தண்ணி நிக்கவே மாட்டேங்குது, வீடெல்லாம் வெள்ளம்னு இன்னொருத்தர் கத்துவாரு. ரெண்டு பேருக்கும் ஒரே குரல்ல பதில் சொல்லணும். கடைசியில வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டுட்டுத்தான் போனை வைக்கணும். கேக்கலைன்னா மேலதிகாரி பிடிச்சுக்குவாரு. உங்க மெசேஜும் அப்படித்தானே முடியும்? வேற ஏதாவது சொல்லணுமான்னு. அதைப் பார்த்தப்பவே எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நம்ம ஜாதிதான் இந்தப் பொண்ணும்னு நினைச்சுக்கிட்டேன்.

நத்தையா? அது நான் வச்ச பேரும்மா. வீட்டுல அப்படித்தான் கூப்பிடுவேன். எதையும் மெதுவாத்தான் செய்வான். ஒரு தட்டு சோறு சாப்பிட்டு எழுந்திரிக்கிறதுக்குள்ள நாங்க பாத்திரம் கழுவிக் கவுத்திருப்போம். குளிக்கப் போனா உள்ளேயே குடும்பம் நடத்துவான். டேய் நத்தை, வெளிய வாடான்னு கதவைத் தட்டாத நாளே கிடையாது. பெரிய பையன் ஆனதும் அப்படிக் கூப்பிடாதேம்மா, மானம் போகுதுன்னு சண்டை போட்டான். ஆனா பாருங்க, உங்ககிட்ட ஒரு பேரு வச்சுக்கணும்னதும் அதையே வச்சிருக்கான். எனக்குத் தெரியவே தெரியாது. போன்ல, எப்படி இருக்கீங்க நத்தை, இந்த வாரம் எப்படிப் போச்சுன்னு வந்து நிக்குது. என் வீட்டுக்குள்ள இருந்த பேரு யாரோ ஒரு பொண்ணுகிட்ட எப்படிப் போச்சுன்னு அப்படியே உக்காந்துட்டேன்.

அவன் போனை நான் பார்ப்பேனாவா? பார்ப்பேன். அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் கோவிச்சுக்க மாட்டான்.

உன்னைப் பார்த்தா எங்க அக்கா பொண்ணு மாதிரியே இருக்கே. நீன்னே சொல்லிடறேனே, வாய் தானா வருது. நீயும் படிக்கிற பொண்ணுதானே? ஹாஸ்டலா? காலையில என்ன சாப்பிட்டே? டீயா? டீ ஒரு சாப்பாடா? நல்லா இருக்கு போ. ஊர்ப் பசங்களை எல்லாம் வாராவாரம் சாப்பிட்டியான்னு கேக்குறே, உன்னை யாரு கேக்குறா? சிரிக்காதே. நிஜமாத்தான் கேக்குறேன்.

சரி, உன் கேள்விக்கு வா. ம். ம். ஆமா, முதல்ல எல்லாம் அஞ்சு மார்க்குக்கு ஒண்ணு, ரெண்டுன்னுதான் போட்டிருந்தான். தூக்கம் ஒண்ணு. சாப்பாடு ரெண்டு. இந்த இடம் உங்க இடம் மாதிரி இருக்கான்னு கேட்டதுக்கு எல்லா வாரமும் ஒண்ணுதான். நானும் படிச்சேன். கேன்டீன்ல தட்டை வச்சுக்கிட்டு எங்க உக்கார்றதுன்னு தெரியாம நின்னுட்டு, திரும்பவும் வச்சுட்டு வந்துட்டேன்னு ஒரு வாரம் எழுதியிருந்தான். இன்னைக்குப் பூரா யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடலைன்னு இன்னொரு வாரம். என் புள்ளைம்மா அது. தட்டை வச்சுட்டுப் பசியோட ரூமுக்குப் போயிருக்கான். அதே நாள் நான் போன் பண்ணி சாப்பிட்டியாடான்னு கேட்டிருப்பேன். சாப்பிட்டேம்மா, நல்லா இருந்துச்சும்மான்னு சொல்லியிருப்பான். நானும் நம்பிட்டு சீரியல் பார்க்கப் போயிருப்பேன். தினமும் நூறு பேர் புகாரைக் காதுல வாங்கறவளுக்கு, பெத்த புள்ளை குரல்ல இருந்தது காதுல விழலை பாரு.

எங்க வீட்டுக்காரரா? அவரு லிப்ட் ரிப்பேர் பண்றவரு. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருக்கிற மனுஷன். அப்பனும் புள்ளையும் பேசிக்கிட்டதை நான் பார்த்ததே இல்லை. ஆனா செஸ் ஆடுவாங்க. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் போர்டை எடுத்துப் போட்டுட்டு ரெண்டும் குனிஞ்சு உக்காந்துக்கும். இவரு விட்டே குடுக்க மாட்டாரும்மா! சின்னப் பையன், ஒரு ஆட்டம் தோத்துத்தான் போயேன்னு நான் கெஞ்சியிருக்கேன். நிஜமா ஆடி ஜெயிச்சாத்தான் ஜெயிச்சதா அர்த்தம், இல்லேன்னா அவனை ஏமாத்துற மாதிரின்னுவாரு. கல்நெஞ்சக்காரர்னு திட்டுவேன். பையன் ஒரு தடவைகூட அவரை ஜெயிச்சதே இல்லை. முதல்ல எல்லாம் அழுவான். அப்புறம் அழுகையை நிறுத்திட்டு, நாளைக்கு ஜெயிக்கிறேன் பாருன்னு எழுந்து போவான்.

எங்கேயோ போயிட்டேன். நீ என்னவோ கேட்டியே. அந்த லீவா.

ம். லீவுக்கு அப்புறம் மாறிட்டான். நீ சொல்றது சரிதான். மூணு, நாலுன்னு ஏறிடுச்சு. ஒட்டகம்னு ஒரு சிநேகிதன் கிடைச்சுட்டான். அவனோட சேர்ந்து சாப்பிடுறான், சாயங்காலம் கிரவுண்டைச் சுத்தி நடக்கிறான், லைப்ரரியில ஜன்னல் ஓரத்துல ஒரு இடம் பிடிச்சு வச்சிருக்கான். ஆமாமா, எல்லாம் எனக்குத் தெரியும். என்னது, ஒட்டகத்தையும் பார்த்துப் பேசணுமா? அய்யய்யோ, அது முடியாதும்மா. அவன் ரொம்பக் கூச்சப்படுவான். உயரமா இருப்பானே தவிர வாயே திறக்க மாட்டான். வேணாம், அவனை விட்டுடு.

அதையே திருப்பித் திருப்பிக் கேக்குறியேம்மா. லீவுக்கு வந்தப்போ நான் அவன்கிட்ட என்ன சொன்னேன்னு. எனக்கு அவ்வளவு ஞாபகம் இல்லை. அம்மாங்க என்ன சொல்லுவாங்க? எல்லாம் சரியாயிடும்டா, போகப் போகப் பழகிடும்னுதான் சொல்லுவாங்க. தண்ணி குடிக்கலாமா? இந்தப் பாட்டில்லயா? குடு.

ஓ. உங்க பேராசிரியர் அப்படிச் சொன்னாரா? இவ்வளவு பேர்ல நத்தை ஒருத்தன்தான் இப்படித் திரும்பி வந்திருக்கான்னா? அவன் அம்மாகிட்ட மனசை விட்டுப் பேசினதுலதான் எல்லாம் மாறிடுச்சுன்னு எழுதப் போறீங்களா? அதை வச்சு அடுத்த வருஷம் வர்ற புதுப் பசங்களுக்கு யோசனை சொல்லப் போறீங்களா?

கொஞ்சம் இரும்மா. அவசரப்பட்டு எழுதிடாதே. நான் சொல்ற வரைக்கும் எழுதாதே. வேற ஏதாவது இருந்தா முதல்ல கேளு. அதுக்கு அப்புறமா வர்றேன்.

எந்த வாரம்? மத்த வாரம் எல்லாம் நிறைய எழுதுவான், அந்த ஒரு வாரம் மட்டும் ரெண்டே வரியா? என்ன எழுதியிருக்கு, படி.

இன்னொரு தடவை படிம்மா.

அப்பாவோட செஸ் ஆடினேன். நான்தான் ஜெயிச்சேன். அவ்வளவுதானா? தூக்கம், சாப்பாடு எல்லாத்துக்கும் அஞ்சா? எப்போ வந்துச்சு இது? இல்லையே. அந்த வாரம் நான் வீட்டுலயே இல்லையேம்மா. எங்க அக்காவுக்குக் கண் ஆபரேஷன்னு அவ வீட்டுக்குப் போயிருந்தேன். அவசரத்துல அவன் போனை டிவி பக்கத்துலயே மறந்து வச்சுட்டுப் போயிட்டேன். அய்யோ, வெள்ளிக்கிழமை பதில் போகாதேன்னு அங்க உக்காந்து தவிச்சேன். திரும்பி வந்து பார்த்தா மெசேஜ் வந்த அடையாளமே இல்லை. சரி, அந்த வாரம் இவங்களே அனுப்பலை போலன்னு விட்டுட்டேன். அனுப்பிட்டு அழிச்சிருக்காரு. எழுதி அனுப்பிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி அழிச்சு வச்சிருக்காரு மனுஷன்.

வேற யாரு, எங்க வீட்டுக்காரர்தான். விட்டுக் குடுத்துட்டாரே. புள்ளைக்கு ஒரு ஆட்டம் விட்டுக் குடுத்துட்டாரே அந்தக் கல்நெஞ்சக்காரரு. பையன் போனதுக்கப்புறம் அந்த போர்டை அவரு கையால தொட்டதே இல்லைம்மா. பீரோ மேல தூசி பிடிச்சுக் கிடக்கு.

ஆமா. போனதுக்கப்புறம்.

சொல்லிட்டேன் பாரு. எப்படியும் சொல்லாம எழுந்து போயிருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன். லீவுக்கு வந்த பஸ்ல போயிட்டான். மழை. பாலத்துக்குப் பக்கத்துல கவுந்துடுச்சு. வீட்டுக்கு வந்து சேரவே இல்லைம்மா அவன். நான் அவன்கிட்ட என்ன சொன்னேன், என்ன சொன்னேன்னு நீ கேட்டுக்கிட்டே இருக்கே. நான் என்னத்தைச் சொல்ல? கடைசியா அவன் உனக்கு எழுதினது உன்கிட்டதானே இருக்கு. வேற ஏதாவது சொல்லணுமான்னு நீ கேட்டதுக்கு, நாளைக்கு வீட்டுக்குப் போறேன், அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருக்கேன்னு எழுதியிருந்தானே. நான் அன்னைக்குச் சோறு வடிச்சு வச்சுட்டு, நத்தை இன்னும் வரலையே, பஸ்லயும் மெதுவாத்தான் வருவான் போலன்னு இவர்கிட்ட கிண்டல் பண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இந்தா, அந்தப் பேப்பரை நீயே எடுத்துக்கோ. எனக்கு வேணாம். உனக்குத் தெரியாதது உன் தப்பு இல்லைம்மா. கீழே நோட்டீஸ் போர்டுல அஞ்சலின்னு அவன் பேரு, போட்டோ எல்லாம் ஒட்டியிருந்தாங்களாம், நீகூட அந்த வழியாப் போயிருப்பே. உனக்கு நத்தையைத்தானே தெரியும்.

அவன் போன் என் கைக்கு வந்த வாரமே உன் மெசேஜ் வந்துச்சு. வீடு முழுக்க ஆளுங்க. வர்றவங்க எல்லாரும் என்னையேதான் கேப்பாங்க. நீ தூங்கினியா, நீ ஏதாவது சாப்பிட்டியா, நீ தைரியமா இருக்கணும்னு. என்னைக் கேட்டு என்னடி ஆகப் போகுதுன்னு கத்தணும் போல இருக்கும். அப்போ அந்தப் போன் டிங்குன்னுச்சு. எப்படி இருக்கீங்க நத்தை, இந்த வாரம் எப்படிப் போச்சுன்னு. உலகத்துலயே நீ ஒருத்திதாம்மா அவன் எப்படி இருக்கான்னு கேட்டே. கேட்டதுக்கு பதில் சொல்லாம எப்படி இருக்க முடியும்? மேல தள்ளித் தள்ளி அவன் எழுதினதையெல்லாம் படிச்சேன். எல்லாம் ஒண்ணு, ரெண்டு. ஆரம்பத்துலயே நீ ஒரு குறிப்பு அனுப்பியிருந்தே, பல பேருக்கு முதல் சில மாசம்தான் கஷ்டம், அப்புறம் பழகிடும்னு. அந்த அப்புறம் அவனுக்கு வரலையேம்மா. கஷ்டத்தை மட்டும் பார்த்துட்டுப் போயிட்டானே. அதான் ரெண்டுன்னு ஆரம்பிச்சு, மெதுவா மூணுன்னு போட்டேன். எடுத்ததுமே அஞ்சு போட்டா நீ நம்ப மாட்டேன்னு தெரியும். கேன்டீன்ல ஒருத்தன் நகர்ந்து இடம் குடுத்தான்னு எழுதினேன். அவனுக்கு ஒட்டகம்னு பேரு வச்சேன். எனக்கே அவனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

உன் ஆராய்ச்சியைக் கெடுத்துட்டேன், தெரியுது. லீவுக்கு அப்புறம் வந்தது எல்லாத்தையும் அடிச்சுடு. அம்மாகிட்ட பேசினா சரியாயிடும்னு எழுதிடாதே. அது நடக்கவே இல்லை. ஆனா அதுக்கு முன்னாடி அவன் கையால எழுதினது இருக்கே, அதை அடிச்சுடாதே, அது முழுக்க நிஜம். அடுத்த வருஷம் தட்டை வச்சுக்கிட்டு எங்க உக்கார்றதுன்னு தெரியாம ஒருத்தன் நின்னான்னா, யாராவது நகர்ந்து இடம் குடுங்கடான்னு உங்க பேராசிரியரை எழுதச் சொல்லு. கூடவே, ஒரு புள்ளை வாராவாரம் ஒண்ணு போட்டா, வருஷக் கடைசி வரைக்கும் காத்திருக்காம ஒரு தடவை போன் பண்ணிக் கேக்கச் சொல்லு. உன்னைக் குத்திக் காட்டலைம்மா. தினமும் பேசின எனக்கே தெரியலை, நீ என்ன பண்ணுவே.

ஓ, அதுவா? கம்ப்யூட்டர் தானா அனுப்புதா? உனக்கே தெரியாம போயிடுமா? பரவாயில்லைம்மா. எங்க ஆபீஸ்லயும் ரெக்கார்டு பண்ணின குரல்தான் முதல்ல வணக்கம் சொல்லும், அதுக்கும் ஜனங்க பதில் வணக்கம் சொல்றாங்க. அனுப்புறது யாரா இருந்தா எனக்கென்ன. கணக்குல சேர்க்க வேணாம், பதிலைப் படிக்கவும் வேணாம். வருஷம் முடியற வரைக்கும் நத்தைக்கு மட்டும் போகட்டும்னு ஒரு ஓரமா விட்டு வச்சிடேன். அவன் கூடப் படிக்கிற பசங்க பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் போதும்.

முடியுமா? நிஜமாவா? பேராசிரியரைக் கேட்டுட்டுச் சொல்றியா, நீயே சொல்றியா? நல்லா இருப்பே. நீ இந்த டீயை விட்டுட்டு முதல்ல போய் ஏதாவது சாப்பிடு.

நான் கிளம்பறேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே? சாயங்காலம் வந்துடும்ல? அதுக்குள்ள வீட்டுக்குப் போகணும். போனை டிவி பக்கத்துல, அவரு கண்ணுல படற மாதிரி வச்சுட்டு, கடைக்குப் போயிட்டு வர்றேன், வர நேரமாகும்னு சொல்லிட்டு வெளிய போயிடணும். கடையில எனக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வருவேன். இந்தத் தடவை எழுதினதை அழிச்சுட்டாருன்னா உனக்குத்தான் போன் பண்ணுவேன், அதை மட்டும் படிச்சுச் சொல்லு. இந்த வாரமும் விட்டுக் குடுத்தாரான்னு எனக்குத் தெரியணும்.